கானகத்தின் சாட்சி: தேம்பாவணியில் கருணையன் புலம்பலும் இறைநீதியும்

தேம்பாவணியின் இயற்கை வருணனை பற்றி ஒரு கருத்து நெடுங்காலமாகக் கைமாறி வருகிறது. நாட்டுப் படலமும் நகரப் படலமும் தமிழ்க் காப்பிய மரபுக்கு நூலாசிரியரான சேசு சபைக் குரு வீரமாமுனிவர் செலுத்திய கடன். இறைநீதி பற்றிய அவருடைய சிந்தனையைத் தேடுவோர் தண்டனையும் வீடுபேறும் பேசப்படும் இடங்களுக்குத்தான் போகவேண்டும் என்பது அக்கருத்து. இதன்படி படைப்பைக் கண்டு வியப்பது புலவரின் வேலை, நீதியை ஆராய்வது குருவின் வேலை. 3615 பாடல்களையும் இப்படி இரு கூறாக்கிவிட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவ்வாறு பிரிக்க இடம் தராத ஒரு பகுதியை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

அது கருணையன் தாயை இழக்கும் இடம். திருமுழுக்கு யோவானுக்குக் காப்பியம் தரும் பெயர் கருணையன். தாய் எலிசபெத்தோடு கானகத்தில் வளரும் சிறுவன் அவளைப் பறிகொடுக்கிறான். பூக்களைப் பரப்பி, அவள் உடலை அதில் கிடத்தி, மண்ணுக்குள் அடக்கி, மேலே மலரும் கண்ணீரும் சொரிகிறான். பிறகு புலம்புகிறான். மழைத்துளி காணாத இளம்பயிராகத் தன்னைச் சொல்கிறான். உயிர் பிழைக்கும் வகை தெரியாது, உடம்பின் இயல்பு தெரியாது, உணவு தேடத் தெரியாது, காட்டில் நடக்க வழி தெரியாது என்று அடுக்குகிறான். தெரிந்ததெல்லாம் தாயின் கை மட்டுமே, அவளும் போய்விட்டாள். அவன் குரலுக்கு எதிர்க்குரலாக மரங்களும் மலர் செறிந்த சுனைகளும் ஒலிக்கின்றன. கானகமே அழுவது போலிருந்தது என்கிறார் புலவர்.

இப்பாடல்கள் பத்தாம் வகுப்புப் பாடநூலில் இடம்பெற்றிருப்பதால் இன்று தமிழ்ப் பிள்ளைகள் பலர் இவற்றை அறிவார்கள். இயற்கை ஆறுதல் சொல்லிற்று என்பதே பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். தற்குறிப்பேற்ற அணி என்று பெயரிட்டு மேலே செல்வோரும் உண்டு. இரண்டும் பிழையென்று சொல்லமாட்டேன், இரண்டும் போதாதவை. 1730இல் தொன்னூல் விளக்கம் எழுதி, அதில் அணியிலக்கணத்தையும் வகுத்தவர் வீரமாமுனிவர். எந்த அணியைக் கையாள்கிறோம் என்பது அவருக்குத் தெரியும். அதை ஏன் இந்த இடத்தில், ஒரு சிறுவனின் வாய்ச்சொல்லுக்கு எதிரொலியாகக் கையாண்டார் என்பதே கேள்வி.

கம்பன்தான் மூலம் என்று விடை வரும். நகர் நீங்கு படலத்தில் இராமன் காடேகும்போது கிளியும் பூவையும் பூனையும் அழுகின்றன, உண்மைதான். வீரமாமுனிவர் கம்பனில் தோய்ந்தவர் என்பதிலும் ஐயமில்லை. ஆனால் அங்கே அழுபவை மாடத்தில் வளர்ந்தவை, மனிதரின் சோறு உண்டவை. தம் அரசிளங்குமரனுக்காக அழுகின்றன. இங்கே ஒலிப்பது யாரும் நடாத மரம், யாரும் வெட்டாத சுனை. இறந்தவள் அரசியல்லள். அழுபவனுக்குப் பின்னால் ஓர் ஊர் இல்லை. மரபு ஒன்றாக இருக்கலாம். அது செய்யும் வேலை வேறு.

இந்த வேறுபாட்டைத் திண்டுக்கல் மாவட்டத்து நத்தம் பக்கத்துச் சாவு வீட்டைக் கண்டவர்கள் எளிதில் உணர்வார்கள். ஒருத்தி ஒப்பாரியை எடுக்க, மற்றவர்கள் தோளோடு தோள் சேர்ந்து ஈடு கொடுப்பார்கள். எதிர்க்குரல் எழாத ஒப்பாரி அனாதைச் சாவின் அடையாளம். கல்லறைத் திருநாளில், நவம்பர் 2ஆம் தேதி, குழிமேட்டைச் செதுக்கிப் பூவிட்டு மெழுகுதிரி ஏற்றும் குடும்பங்களுக்கு அச்சிறுவன் செய்தது என்னவென்று விளக்க வேண்டியதில்லை. அவனுக்கு ஈடு கொடுக்க ஆளில்லை. அந்த இடத்தில் கானகம் வந்து உட்காருகிறது. மழையில்லாமல் கருகிய இளம்பயிர் என்ற உவமையும் மானாவாரிக் காடு வைத்திருப்பவனுக்கு வெறும் அலங்காரமாக இராது.

துக்கத்தில் பங்குகொள்வது மட்டுந்தானா இது? இல்லை என்பதே என் வாதம். குழந்தைகளைக் கொல்ல ஆணையிட்ட ஏரோதின் வாளுக்குத் தப்பி எலிசபெத் மகனோடு மலைநாட்டுக்கு ஓடினாள் என்பது யாக்கோபின் பெயரால் வழங்கும் பழைய நற்செய்தியிலேயே உள்ள கதை. தேம்பாவணியில் குழவிகள் வதைக்குத் தனிப் படலமே இருக்கிறது. கானகத்தில் தனித்து நிற்கும் இந்தப் பிள்ளையை அந்தப் பின்னணியில் வைத்துத்தான் வாசிக்கவேண்டும். அப்படி வாசித்தால், கொல்லப்பட்ட பிள்ளைகளின் வழக்கில் சாட்சிக்கூண்டில் ஏறுவது படைப்பு. விவிலியத்துக்கு இது புதிதன்று. ஆபேலின் இரத்தம் மண்ணிலிருந்து கூவுகிறது. எசாயா நூல் வானையும் மண்ணையும் விளித்தே தொடங்குகிறது. உரோமையர் மடலின் எட்டாம் அதிகாரத்தில் படைப்பு முழுவதும் பேறுகால வேதனையில் தவிக்கிறது.

தமிழுக்கும் இது புதிதன்று. சிலப்பதிகாரத்தில் கண்ணகி தன் கணவன் கள்வனா என்று கேட்பது கதிரவனை நோக்கித்தான், விடையும் வருகிறது. மதுரைக்குப் போகும் வழிகளைக் காடுகாண் காதை விவரிக்கையில் ஒரு வழியில் சிறுமலையும் மற்றொரு வழியில் திருமால்குன்றமாகிய அழகர்மலையும் வருகின்றன. அந்தச் சிறுமலைக்கும் அழகர்மலைக்கும் இடைப்பட்ட நிலந்தான் இன்றைய நத்தம். இயற்கை நீதிக்குச் சாட்சியாகும் என்ற நம்பிக்கை இம்மண்ணில் கிறித்தவத்துக்கு முந்தியது. வீரமாமுனிவர் அதை அறிந்து எடுத்தாரா, தற்செயலாகத் தொட்டாரா என்பதை அறுதியிட வழியில்லை. எடுத்தார் என்றே நான் கருதுகிறேன்.

யோபு நூலோடு ஒப்பிட்டால் இது மேலும் தெளிவாகும். நீதிமான் ஏன் துன்புறுகிறான் என்ற கேள்விக்கு 38ஆம் அதிகாரம் முதல் கடவுள் படைப்பைக் காட்டியே மறுமொழி சொல்கிறார்: கடலின் எல்லை, பனியின் கிடங்கு, காட்டுக் கழுதை, லிவியாதான். அந்த வியப்பின் முன் யோபு வாயைப் பொத்திக்கொள்கிறான். கருணையனுக்கு நேர்வது இதன் மறுதலை. படைப்பு அவனை அடக்கவில்லை. அவன் சொன்னதைத் திருப்பிச் சொல்கிறது. ஜெர்மானிய மெய்யியலார் லைப்னிட்சு கடவுளின் நீதியை நிறுவும் நூலை 1710இல் வெளியிட்டார். வீரமாமுனிவர் கோவா வந்து சேர்ந்ததும் அதே ஆண்டில்தான். பதினாறு ஆண்டுக்குப் பின் முடிந்த தேம்பாவணி இந்த இடத்தில் எதையும் நிறுவ முயலவில்லை. ஏன் இப்படி என்ற கேள்விக்கு இப்பாடல்களில் விளக்கம் இல்லை.

மரத்துக்கும் சுனைக்கும் அறிவுள்ள ஆன்மா இல்லை என்பது சேசு சபையார் பயின்ற மெய்யியல். ஆகவே அவை சாட்சி சொல்லமுடியாது என்பர். அழுதன என்று சொல்லாமல் அழுவது போலிருந்தது என்று புலவர் நிறுத்திக்கொண்டது அந்த மெய்யியலுக்கு அவர் கொடுத்த மதிப்பு. அதனால் சாட்சியின் கனம் குறைவதில்லை. எசுப்பானியத் துறவி மரியா ஆகிர்தாவின் நூல் காப்பியத்துக்கு ஆதாரங்களுள் ஒன்று என்பதும் தடையன்று. எதிலிருந்து எடுத்தார் என்பது எதை அழுத்தினார் என்பதைத் தீர்மானிக்காது.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. புலம்பும் இச்சிறுவனே வளர்ந்து, அந்த ஏரோதின் மகன் அந்திப்பாவின் ஆணையால் தலை வெட்டப்பட்டு இறப்பவன். காப்பியத்தை வாசிக்கும் எந்தக் கிறித்தவனுக்கும் இது தெரியும். ஆறுதலோடு வழக்கு முடிந்தது என்று கொள்ள வழியில்லை.

எனவே கருணையன் புலம்பலை இயற்கை வருணனைப் பட்டியலிலிருந்து எடுத்து, குழவிகள் வதைப் படலத்தோடு சேர்த்து, இறைநீதி என்ற தலைப்பின்கீழ் வைக்கவேண்டும். தேம்பாவணியைக் கற்பிப்போரும், அதை மறைக்கல்வியில் எடுத்தாளும் திண்டுக்கல் மறைமாவட்டம் போன்ற இடங்களின் ஆசிரியர்களும் இவ்விரு பகுதிகளையும் ஒரே அமர்வில் வாசித்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.