தில்லி வெள்ளிக்காசும் நோட்டக்காரர் முத்திரையும்: தரம் பார்த்தலின் வரலாறு

முகலாய ரூபாய் ஒன்றை இன்று சேகரிப்பாளரிடம் விற்கப் போனால், அதன் முகப்பில் பழைய நோட்டக்காரர் (காசின் தரம் பார்ப்பவர்) அடித்த குத்து முத்திரை இருப்பது தெரிந்ததும் விலை இறங்கிவிடும். முத்திரை விழுந்த காலத்திலோ அதுவே காசின் நம்பகத்துக்குச் சான்று. சான்று எப்படிக் குறையாயிற்று என்பதைத் தில்லியின் நாணய வரலாற்றைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

தொடக்கப் புள்ளி தக்குர பேரு. அலாவுதீன் கல்ஜியின் கருவூலத்தில் பணியாற்றிய சமணரான இவர் 1318இல் 'திரவிய பரீட்சை' என்னும் நூலை இயற்றினார். பொன்னையும் வெள்ளியையும் புடமிடும் முறைகளைச் சொல்லிவிட்டு, மாளவம், குஜராத் போன்ற பல நாட்டுக் காசுகளை வரிசையாக எடுத்துக்கொண்டு எடை, வெள்ளியின் அளவு, பரிமாற்ற மதிப்பு ஆகியவற்றைத் தருகிறார். வடநாட்டில் அன்று புழங்கியவற்றில் பெரும்பகுதி வெள்ளியும் செம்பும் கலந்த காசுகள். கண்ணால் பார்த்து அவற்றின் மாற்றை, அதாவது உலோகத் தூய்மையை, சொல்ல முடியாது. எனவே பேருவுக்குத் தரம் என்பது உள்ளிருக்கும் வெள்ளி மட்டுமே. காசின் அழகு அவர் கணக்கில் வரவில்லை.

தில்லியை ஆண்ட ஷெர்ஷா (1540–1545) ஏறத்தாழ 178 கிரெயின், அதாவது 11.5 கிராம், எடையில் தூய்மைக்கு மிக நெருங்கிய வெள்ளி ரூபாயை நிலைநிறுத்தியபின் கேள்வி மாறியது. மாற்றில் பெரிய ஐயம் இல்லை, தேய்மானமே சிக்கல். முகலாய மன்னர் அக்பரின் அக்கசாலை (காசு அடிக்கும் இடம்) அலுவலர்களுள் நோட்டக்காரருக்குத் தனியிடம் இருந்ததை அபுல் ஃபசல் எழுதிய 'ஆயின்-இ-அக்பரி' காட்டுகிறது. அடுத்து வந்த வழக்கம்தான் விந்தையானது. புதிதாக அடித்த ரூபாய் 'சிக்கா'. ஆளும் மன்னரே முந்திய ஆண்டுகளில் அடித்தது 'சலனி'. மறைந்த மன்னர்களின் காசு 'கஜானா'. ஔரங்கசீப் காலத்தில் ஒரு ஷாஜஹான் ரூபாய் எடை குன்றாமல் வந்தாலும், பழைய ஆட்சியின் காசு என்பதாலேயே வட்டம் (தள்ளுபடி) பிடித்துக்கொண்டுதான் வாங்கினார்கள். இதனால் ஆட்சியாண்டைப் படிக்கத் தெரிந்தவருக்கே லாபம். ஓசை பார்த்து, எடை போட்டு, ஐயம் வந்தால் வெட்டிப் பார்த்து, சரியென்றால் தன் அடையாளத்தைக் குத்தி அனுப்பினார் நோட்டக்காரர். கைமாறிய ரூபாயில் முத்திரை மேல் முத்திரை ஏறியது இப்படித்தான்.

இந்த வட்டத்தை ஒழிக்கக் கிழக்கிந்தியக் கம்பெனி கண்ட வழியில் ஒரு குறும்பு உண்டு. வங்காளத்தில் அடித்த ரூபாய்களில் முகலாய மன்னர் ஷா ஆலமின் 19ஆம் ஆட்சியாண்டையே மாற்றாமல் பொறித்துக்கொண்டிருந்தார்கள். ஆண்டு நகராவிட்டால் காசு பழையதாக முடியாதல்லவா! 1803இல் தில்லி கம்பெனியின் கைக்கு வந்தது. 1835ஆம் ஆண்டுச் சட்டம் 180 கிரெயின் எடையும் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளியும் கொண்ட ஒரே ரூபாயைக் கம்பெனி ஆட்சிப் பகுதிகளுக்கெல்லாம் விதித்தது. எந்திரத்தில் அடித்த அந்தக் காசில் எந்த ஆண்டு என்பதைப் பார்த்து வட்டம் பிடிக்க இடமில்லை. நோட்டக்காரரின் பழைய அதிகாரம் இதோடு சரியத் தொடங்கியது.

பின்னர் தரம் பேசியவர்கள் ஆய்வாளரும் சேகரிப்பாளரும். நெல்சன் ரைட் 1936இல் வெளியிட்ட தில்லி சுல்தான்களின் நாணயங்கள் பற்றிய நூல் எடையையும் உலோகத்தையும் விடாமல் பதிந்தது. சந்தையோ வேறு வழியில் போயிற்று. அமெரிக்கரான வில்லியம் ஷெல்டன் 1949இல் தம் நாட்டின் பழைய செம்புக் காசுகளுக்காக 1 முதல் 70 வரை ஓர் அளவுகோல் வகுத்தார். தொடக்கத்தில் அதுவும் விலைக் கணக்குதான்: 70 எண் பெற்ற காசு, 1 எண் பெற்றதைப்போல் எழுபது மடங்கு விலை பெறும் என்பது எண்ணம். 1986இலும் 1987இலும் அமெரிக்காவில் தோன்றிய பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. என்னும் தரமிடும் நிறுவனங்கள் காசைப் பிளாஸ்டிக் உறையில் அடைத்து இந்த எண்ணைப் பொறித்துத் தருகின்றன.

எந்திரக் காசுக்கு இம்முறை பொருந்தும். சம்மட்டியால் அடித்த முகலாய ரூபாய்க்குப் பொருந்துவது ஐயமே. அதன் அச்சு பெரும்பாலும் அடிக்கப்படும் வெள்ளி வில்லையைவிட அகலமானது. அக்கசாலைப் பெயரோ ஆண்டோ வில்லைக்கு வெளியே போய்விடுவது இயல்பு. தேய்மானமே இல்லாத காசில் 'ஷாஜஹானாபாத்' என்ற தில்லி அக்கசாலைப் பெயர் விழாதிருக்கலாம். நன்கு தேய்ந்த காசில் முழுப்பெயரும் ஆண்டும் இருக்கலாம். ஆய்வுக்குப் பின்னதே மேல். முத்திரைகளும் அப்படியே. அவை காசு உண்மையில் புழங்கியதைக் காட்டும் ஆவணம். பிற்காலத்தார் செய்த சேதத்தோடு அவற்றைச் சேர்த்து எண்ணுவது பிழை.

ஆகவே முகலாய ரூபாயின் தரச்சீட்டில் எண் மட்டும் போதாது. எடை, அக்கசாலைப் பெயர், ஆட்சியாண்டு, நோட்டக்காரர் முத்திரை ஆகிய நான்கையும் குறிக்க வேண்டும். சேகரிப்பவர்களுக்கு ஒரு சொல்: வெள்ளிக்காசைப் புளியும் சாம்பலும் இட்டுத் தேய்க்காதீர்கள். இயல்பாகக் கருமை படிந்த காசைவிடத் தேய்த்துப் பளபளப்பாக்கிய காசுக்கே இன்றைய சந்தையில் மதிப்புக் குறைவு.