குரோம்பேட்டையில் திரும்பி வந்ததும் வராததும்

தாம்பரம் ரயிலில் போகிறவர்கள் குரோம்பேட்டையைத் தினமும் தாண்டுகிறீர்கள். அந்தப் பேரில் இருக்கிற குரோம் ஒரு உலோகம். 1912ல் சேம்பர்ஸ் என்கிற வெள்ளைக்காரர் பல்லாவரத்தை ஒட்டி ஆரம்பித்த குரோம் லெதர் கம்பெனியால் வந்த பேர் அது.

அதுக்கு முன்னாடி நம்ம பக்கம் ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுத்தான் தோல் பதனிட்டாங்க. வாரக்கணக்கில் ஊறணும். 1903 வாக்கில் ஆல்பிரட் சாட்டர்டன், மெட்ராஸ் கலைப் பள்ளியில் குரோம் உப்பு வைத்துப் பதனிடும் சோதனையைத் தொடங்கினார். அந்தத் தோலில் செய்த சாமான்களில் ஒன்று கவலைச் சால். மாடு பூட்டி கிணத்துத் தண்ணி இறைக்கிற பை. எந்நேரமும் நனைகிற சாமான், குரோம் தோல் என்றால் அதிக நாள் தாங்கும். ஆக, குரோம் முதலில் வந்தது விவசாயிக்கு உதவியாகத்தான்.

பிறகு பல்லாவரம், நாகல்கேணி பக்கம் தோல் ஷாப்புகள் பெருகின. போடுகிற குரோம் உப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் தோலில் ஏறும். மிச்சம் கழிவுத் தண்ணியோடு போகும். சால் இறங்கின கிணத்துக்கே அந்தத் தண்ணியும் வந்து சேர்ந்தது.

கழிவிலிருந்து பொருளை மீட்கிறது உலகத்துக்குப் புதுசு இல்லை. ஐரோப்பாவில் வைன் பீப்பாயின் உள்பக்கம் கல் மாதிரி படிகிற உப்பைச் சுரண்டி விற்பார்கள். 1769ல் ஷீலே என்கிற வேதியியலாளர் அதிலிருந்து டார்டாரிக் அமிலத்தைப் பிரித்தார். நம்ம புளியில் இருக்கிற அதே புளிப்புதான்.

இங்கே அந்த மாதிரி வேலையைச் செய்தது, 1948ல் அடையாறில் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம். முறை இதுதான்: குரோம் கலந்த தண்ணியை மற்ற கழிவோடு சேரவிடாமல் தனியாகப் பிடிக்கணும். மக்னீசியம் ஆக்சைடு போட்டால் குரோம் பச்சைச் சேறாக அடியில் தங்கும். அதைக் கந்தக அமிலத்தில் கரைத்தால் திரும்பவும் பதனிடுகிற உப்பு தயார்.

இதற்கிடையே வேலூர் மக்கள் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கெடுத்தவர்தான் சரிசெய்யச் செலவு பண்ணணும் என்றது. செங்கல்பட்டுப் பக்கம் உட்பட 5 மாவட்டத் தோல் ஷாப்புகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதமும் போட்டது.

சரி, குரோம் திரும்பக் கிடைத்தது. தோல் அழுகாமலிருக்கப் போடுகிற சாதா உப்பு? அது இந்த முறையில் பிடிபடாது. தண்ணியைக் காய்ச்சி அதை எடுக்கிற செலவு, அந்த உப்பின் விலையைவிட ரொம்ப அதிகம். குரோமுக்கு விலை உண்டு, திரும்ப எடுத்தாங்க. உப்புக்கு விலை இல்லை, தண்ணியிலேயே விட்டாங்க. பயிரைக் கருக்குவதும், குடிதண்ணியைக் கரிக்க வைப்பதும் அந்த உப்புதான்.

திராட்சைச் சக்கையோ தோல் ஷாப்புத் தண்ணியோ, கழிவிலிருந்து காசு எடுக்கிறோம் என்று யார் சொன்னாலும் சந்தோஷப்படுங்க. எடுத்தது போக மிச்சம் எந்த ஊர்க் கிணத்துக்குப் போகுது என்றும் ஒரு வார்த்தை கேளுங்க.