காந்தள் நடுதல்: ஒரு வரலாற்று நோக்கு

சங்க இலக்கியத்தில் காந்தள் பெற்றுள்ள சிறப்புத் தமிழறிஞர் யாவரும் அறிந்ததே. குறிஞ்சிப்பாட்டு அடுக்கிக் கூறும் 99 மலர்களுள் முதற்கண் நிற்பது அது. மகளிர் விரலுக்கு உவமையாவதும், முருகன் சூடும் கண்ணியாவதும் அதுவே. தொல்காப்பியர் வெறியாட்டினையே அதன் பெயரால் சுட்டினார். இவையெல்லாம் பூவைப் பற்றிய செய்திகள். அப்பூவைத் தரும் கொடியைப் பண்டைத் தமிழர் நட்டு வளர்த்தனரா, அன்றி மலைச்சாரலில் தானே வளர்ந்ததைக் கண்டு மகிழ்ந்தமைந்தனரா என்னும் வினா ஈண்டு ஆராய்தற்குரியது. வெண்காந்தள் எனப்படும் கோடலை விடுத்துச் செங்காந்தளை மட்டுமே நாம் எடுத்துக்கொள்கின்றோம்.

குறுந்தொகைச் சான்று

பாட்டும் தொகையும் காட்டும் காந்தள் பெரும்பாலும் மலைக்காந்தளே. பாறை இடுக்கிலும் புதரிடையிலும் கார்காலத்தே அது தானே முளைத்துப் பூப்பது. ஆயினும் குறுந்தொகை 361ஆம் பாடலில் கபிலர் வேறொரு காட்சியைத் தருகின்றார். முதல்நாள் மாலையில் தலைவனது மலையிற் பெய்த மழை ஆற்றிற் பெருகி வருகின்றது. அந்நீர் மறுநாட் காலையில் ஒரு காந்தளைக் கொண்டுவந்து சேர்க்கின்றது. தலைவி அதன் மெல்லிய இலை குழையுமாறு தழுவுகின்றாள். பின் இல்லத்திற் கொண்டுபோய் நடுகின்றாள். தாய் அதனைத் தடுக்கவில்லை. அதற்குக் கைம்மாறாக வானுலகமும் சிறிது என்று தலைவி தோழியிடம் கூறுகின்றாள்.

இப்பாடலின் அகப்பொருட் சுவையைப் பலரும் எடுத்துரைப்பர். நாம் கருதுவது அதனுள் அடங்கிய தாவர உண்மையை. கபிலர் அக்காந்தளை 'முழுமுதல்' என்று அடைகொடுத்துக் கூறினார். பூவோ கொடித்துணுக்கோ வந்திருப்பின் அதனை நடுதற்கு இயலாது; அடியோடும் கிழங்கோடும் முழுமையாக வந்தமையாலேயே நடுதல் கூடிற்று. ஆகவே அவ்வடை வாளா வந்ததன்று. பின் நிகழும் நடுதலுக்கு ஏதுவாக நின்றது என்க.

கிழங்கின் இயல்பு

காந்தட் கிழங்கு இருகிளையாகப் பிரிந்து கலப்பையின் வடிவு கொண்டது. ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரு முளைக்கண் மட்டுமே உண்டு. அந்நுனி முறிந்தால் அக்கிளை மீண்டும் முளைப்பதில்லை. கிழங்கோ எளிதில் முறிவது. ஆண்டுதோறும் கொடி பட்டு மண்ணுள் மறைய, பழங்கிழங்கு வற்றிப் புதுக்கிழங்கு உருவாகும். மேலே இலை வாடினும் கீழே கிழங்கு பழுதின்றியிருப்பின் கொடி பிழைத்தல் கூடும். இலை குழையத் தழுவியபின் நட்டதாகக் கபிலர் பாடியது இவ்வியல்போடு முரணவில்லை.

விதையின் வழி வேறு. காந்தள் விதை உறக்கம் மிக்கது. முளைத்தற்குச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை ஆகும். முளைத்த நாற்றுப் பூத்தற்கு மேலும் 3 அல்லது 4 ஆண்டுகள் வேண்டும். நன்கு முற்றிய கிழங்கோ நட்ட பருவத்திலேயே பூக்கும். நடுவோர் கிழங்கையே நாடியதன் காரணம் இதனால் விளங்கும்.

பெயர்கள் கூறும் வரலாறு

இக்கொடியின் பெயர்களை இருவகையாகப் பகுக்கலாம். தோன்றி, கார்த்திகைப்பூ என்பன பூவை நோக்கியவை. கலப்பைக்கிழங்கு, கண்வலிக்கிழங்கு என்பன கிழங்கை நோக்கியவை. வடமொழியில் வழங்கும் லாங்கலி என்பதும் கலப்பையின் பெயரடியாகப் பிறந்ததே. பூப்பெயர்கள் காண்போர் இட்டவை என்றும், கிழங்குப்பெயர்கள் மருந்துக்கு அகழ்வோர் இட்டவை என்றும் கொள்ளுதல் பொருந்தும். விதையால் எழுந்த பெயர் வழக்கில் மிக்கதாகத் தெரியவில்லை.

தோன்றி என்பதனைச் செங்காந்தள் என்று கொள்வோர் உளர். அச்சொல் மலையாளத்தில் மேந்தோன்னி என இன்றும் வாழ்கின்றது. கொச்சியில் ஒல்லாந்தர் ஆளுநராயிருந்த வான் ரீடு தொகுத்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்கூஸ்' என்னும் நூலின் 7ஆம் தொகுதி (1688) இக்கொடியை அப்பெயராலேயே குறிக்கின்றது. இலங்கையில் மருத்துவராயிருந்து பின் லெய்டன் பல்கலைக்கழகத் தோட்டத்தின் தலைவரான பவுல் ஹெர்மன், 1687இல் வெளியிட்ட தோட்ட அட்டவணையில் இதனை 'மெத்தோனிகா மலபாரோரும்' என்றார். மெத்தோனிகா என்பது மேந்தோன்னியின் சிதைவே எனக் கருதலாம். 1753இல் லின்னேயசு 'குளோரியோசா சுபெர்பா' என்று பெயரிட்டபோது அத்தென்னாட்டுச் சொல் அறிவியற்பெயரினின்று நீங்கிற்று.

கொல்லைப் பயிரான காந்தள்

ஐரோப்பியக் கோல்ச்சிகச் செடியின் கந்தத்தில் 1820இல் காணப்பெற்ற கோல்ச்சிசின் என்னும் நச்சுப்பொருள், காந்தளிலும் உண்டென 1915இல் அறியப்பட்டது. வாதநோய் மருந்தாகிய அது, உயிரணுவின் நிறக்கோல்களை இரட்டிக்கவும் வல்லது என்பது 1937இல் வெளிப்பட்டபின் மேலும் மதிப்புப் பெற்றது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், வேதாரணியம் முதலிய பகுதிகளில் காந்தள் விதைக்காகப் பயிரிடப்படலாயிற்று. சூல்தண்டு ஒருபுறம் மடங்கி மகரந்தப்பைகளை விட்டு விலகி நிற்றலின், உழவர் காலைதோறும் பூப்பூவாகக் கையாலேயே மகரந்தம் சேர்க்கின்றனர். உண்டாரைக் கொல்லும் நஞ்சுடைய அவ்விதை பிறநாடுகளுக்கு மருந்துப்பொருளாகச் செல்கின்றது.

ஈண்டு ஒரு முரண் தோன்றுகின்றது. விற்பது விதை, நடுவதோ கிழங்கு. கொல்லைகளுக்கு வேண்டிய கிழங்கு மலைகளிலிருந்தும் காடுகளிலிருந்தும் அகழ்ந்து கொணரப்பட்டது. மருந்துக்கு அகழ்ந்ததோடு இதுவும் சேர, இயற்கைக் காந்தள் பல இடங்களில் அருகிவிட்டது. ஒரு கிழங்கை அகழ்தல் அவ்விடத்துக் கொடியின் பல்லாண்டு வாழ்வை முடித்தலாகும். நெற்றினின்று விதை கொள்ளுதலோ அதனை அழிப்பதன்று.

கபிலரின் தலைவி மலையை அகழவில்லை. வெள்ளம் பெயர்த்துவந்த ஒன்றனையே எடுத்து நட்டாள். பழந்தமிழர் இல்லத்திற் காந்தள் நடுதலை அறிந்திருந்தனர் என்பதற்கு அப்பாடல் சான்று. பெருவழக்காய்ப் பயிரிட்டனர் என்பதற்கு அது சான்றாகாது. ஆயின் அந்நடுதல் மலைக்குக் குறைவு செய்யவில்லை என்பது தெளிவு. செங்காந்தள் தமிழ்நாட்டின் அரசு மலராக விளங்கும் இந்நாளில், நடுதற்கு வேண்டும் கிழங்கினை விதையிலிருந்தே நாற்றங்காலில் உருவாக்குதல் காலம் மிகுவதாயினும் மேற்கொள்ளத்தக்கது. நான்காண்டுக் காத்திருப்பு, மலையிற் காந்தள் நிலைபெறுதற்குப் பெருவிலையன்று. கொடி மலையினின்று மறையுமாயின், குறிஞ்சித்திணைப் பாடல்களைப் பயிற்றும் நாம் மாணவர்க்குச் சொல்லின் பொருளை மட்டுமே காட்ட இயலும். பொருளைக் காட்ட இயலாது.