லவணங்களின் நாமகரணம்

பதினெட்டாம் நூற்றாண்டின் ஐரோப்பிய ரசாயன சாலைகளில் இருந்த லவணங்களுக்கு, அவை கிடைத்த ஊரோ, கண்டெடுத்தவரோ, நிறமோ, நோய் தீர்க்கும் குணமோ பெயராக அமைந்ததேயன்றி, அவை எவற்றால் ஆனவை என்பதைச் சொல்லும் பெயர் அரிதாகவே இருந்தது. இங்கிலாந்தில் எப்ஸம் என்னும் ஊரின் ஊற்றுநீரிலிருந்து காய்ச்சியெடுத்த பேதியுப்பு எப்ஸம் உப்பாயிற்று. ஜெர்மானியரான கிளாபர் தாம் தயாரித்து ‘அற்புத லவணம்’ எனக் கொண்டாடியது கிளாபர் உப்பாயிற்று. நம் வைத்தியர்களின் மயில்துத்தமும் அன்னபேதியும்கூட இவ்வகையினவே. முன்னதில் தாமிரமும் பின்னதில் இரும்பும் இருப்பதைப் பெயரைக் கொண்டு எவரும் அறிய முடியாது.

இக்குழப்பத்தைக் கண்டு வருந்தியவர் தீஜோன் நகரத்து வழக்கறிஞராகிய கீட்டோன் த மொர்வோ. 1782-இல் அவர் வெளியிட்ட சீர்திருத்தத் திட்டத்தை ஆதாரமாகக் கொண்டு, லவாசியே, பெர்த்தொலே, பூர்க்ருவா ஆகிய மூவரும் அவருடன் கூடி, 1787-இல் பாரிஸில் புதிய பெயரிடு முறையை நூலாக்கினர். ஒவ்வொரு லவணமும் இரு பாகங்களின் சேர்க்கையாதலால் அதன் பெயரும் இரு சொற்களாக இருத்தல் வேண்டும் என்பதும், அமிலத்தில் பிராணவாயு மிகுந்திருப்பின் சல்பேட் என்றும் குறைந்திருப்பின் சல்பைட் என்றும் விகுதியே அதனை உணர்த்த வேண்டும் என்பதும் அவர்கள் வகுத்த நியதி. சாப்பாட்டு உப்பின் அமிலத்திலும் பிராணவாயு உண்டென்று அவர்கள் நம்பியது பிழையென்று 1810-இல் டேவி காட்டியபின், அவ்வுப்பின் பெயர் சோடியம் குளோரைடு என மாறிற்று. ஆயினும் இரு சொல் அமைப்புக்கு ஊறு நேரவில்லை. அவ்வமைப்பின் வலிமைக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நீரில் இட்ட உப்பு என்னவாகிறது என்னும் வினாவோ நெடுநாள் விடையின்றி நின்றது. கரைசலில் மின்சாரத்தைத் தாங்கிச் செல்லும் துகள்களுக்கு 1834-இல் பாரடே அயனி என்று பெயரிட்டார். மின்சாரம் பாய்வதனாலேயே பொருள் பிரிகிறது என்பது அன்றைய கருத்து. மின்சாரம் பாயுமுன்பே, கரைந்த மாத்திரத்தில், உப்பு பிரிந்துவிடுகிறது என்னும் எண்ணத்திற்கு வித்திட்ட ஆராய்ச்சியை, 1884-இல் ஸ்வீடன் தேசத்து உப்சாலா சர்வகலாசாலையில் ஸ்வாந்தே அர்ரேனியஸ் என்னும் இளைஞர் சமர்ப்பித்தபோது, ஆசிரியர்கள் அதற்குத் தாழ்ந்த தரமே அளித்தனர். ரசாயன அறிஞர் ஆஸ்ட்வால்டோ அதன் அருமையை உணர்ந்து உப்சாலாவுக்கே வந்து அவரைச் சந்தித்தார். நீர்த்த உப்புக் கரைசல், அதே அளவு மூலக்கூறுகள் கொண்ட சர்க்கரைக் கரைசலைப்போல் ஏறக்குறைய இருமடங்கு சவ்வூடு அழுத்தம் காட்டுவது ரசாயன அறிஞர் வாண்ட் ஹாபுக்குப் புதிராயிருந்தது. சர்க்கரை முழு மூலக்கூறாகவே கரைய, உப்போ இரண்டாகப் பிரிகிறது என்று கொண்டால் அப்புதிர் அவிழ்ந்துவிடுகிறது. நீரில் தீப்பற்றும் சோடியமும் நச்சுவாயுவாகிய குளோரினும் உப்புநீரில் எங்ஙனம் அமைதியாய் இருக்கும் என்று எதிர்த்தவர்களுக்கு, மின்னூட்டம் பெற்ற அணுவின் இயல்பு வேறு, பெறாத அணுவின் இயல்பு வேறு என்பதே மறுமொழி. அர்ரேனியஸ் இக்கொள்கையை முழு வடிவில் வெளியிட்டது 1887-இல். பாரிஸ் நூலுக்குச் சரியாக நூறாண்டு கழித்து.

1913-இல் பிராக் என்னும் தந்தையும் மகனும் எக்ஸ் கதிர்களால் ஆராய்ந்தபோது, உலர்ந்த உப்புப் படிகத்திலேயே சோடியமும் குளோரினும் தனித்தனியே மாறிமாறி அடுக்கப்பட்டிருப்பது புலனாயிற்று. நீர் மூலக்கூறின் இரு முனைகளும் எதிரெதிர் மின்தன்மை உடையவை. அதனால் நீர் மூலக்கூறுகள் அயனிகளைச் சூழ்ந்து படிகத்தின் பிடியிலிருந்து விடுவிக்கின்றன. அப்பிடி மிகவும் வலுத்திருக்கும் வெள்ளி குளோரைடு போன்றவை அநேகமாகக் கரைவதில்லை. அர்ரேனியஸுக்கு 1903-இல் நோபல் பரிசு கிடைத்தது மிகவும் தகும். அவருக்கு நூறாண்டு முன்பே லவணத்தை இரண்டாகப் பிரித்துப் பெயரிட்ட அந்நால்வருக்கும் அப்பெருமையில் ஒரு பங்கு உண்டு என்பதே என் துணிபு.