குதிரைக்குத் தரைப் பயிற்சி: தினமும் ஒரே வட்டம் வேண்டாம்

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் குதிரை வாங்கி, தோட்டத்தில் வைத்து வளர்க்கும் விவசாயிகள் உண்டு. நீளக் கயிற்றில் பிடித்து, களத்தில் தினமும் வட்டமாக ஓடவிட்டால் பயிற்சி முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். சில நாட்களில் குதிரைக்கு அது பழகிவிடும்; பிறகு உங்களைக் கவனிக்காமலே சுற்றும். களத்தில் அடக்கமாக இருந்த அதே குதிரை, சாலையில் லாரி ஹாரன் அடித்ததும் கயிற்றைப் பறித்துக்கொண்டு ஓடும். ஆளுக்கும் அடி, குதிரைக்கும் அடி. ஏறி ஓட்டுவதற்கும் வண்டியில் பூட்டுவதற்கும் முன்பே, தரையில் நின்றபடி பல விதமாகப் பழக்கினால் இதைப் பெரிதும் தவிர்க்கலாம்.

அடிப்படை

முதலில் 'நட', 'நில்', 'பின்னால் போ' ஆகிய மூன்றையும் கற்றுக்கொடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எப்போதும் ஒரே சொல்லையே பயன்படுத்துங்கள். கயிற்றை மெதுவாக இழுத்து, குதிரை ஓர் அடி எடுத்து வைத்த உடனே தளர்த்துங்கள். அந்தத் தளர்வுதான் அதற்குப் பரிசு. சொன்னதைச் செய்த பிறகும் இழுத்துக்கொண்டே இருந்தால், எதற்காக இழுக்கிறீர்கள் என்பது அதற்குப் புரியாது.

குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கங்களில் இருப்பதால், நேர் பின்னால் இருப்பது அதற்குத் தெரியாது. எனவே குரல் கொடுத்தபடி தோள்பக்கமாக நெருங்குங்கள். இடப்பக்கம் கற்றதை வலப்பக்கம் நின்றும் பழக்குங்கள்.

தோட்டத்தில் உள்ளதை வைத்தே பயிற்சி

1. மூங்கில் கழிகள்: நான்கைந்து கழிகளை இரண்டரை முதல் மூன்று அடி இடைவெளியில் தரையில் போட்டு, நடத்திக் கடக்கச் செய்யுங்கள். மட்டக்குதிரைக்கு இடைவெளியைக் குறையுங்கள். குதிரை காலடியைப் பார்த்து வைக்கப் பழகும்.

2. தென்னை மரங்கள்: மரங்களுக்கு இடையே வளைந்து வளைந்து நடத்துங்கள். இருபுறமும் உடலை வளைக்கப் பழகும்.

3. தார்ப்பாய், உரச்சாக்கு: முதல் நாள் மடித்து வைத்துத் தூரத்தில் காட்டுங்கள். தானாக முகர்ந்து பார்த்த பிறகு விரியுங்கள். மிதித்து நடப்பது கடைசியில்தான். காற்றில் பறக்காமல் ஓரங்களில் மண் போடுங்கள்.

4. தரை மாற்றம்: உழுத மண், புல்தரை, ஆழமில்லாத ஓடும் நீர் என மாற்றி நடத்துங்கள். வழுக்கும் சேற்றைத் தவிருங்கள்.

5. சத்தம்: மோட்டார் அல்லது டிராக்டர் ஓடும்போது தூரத்தில் நிறுத்துங்கள். காது தளர்ந்து, தலை தாழ்ந்தால் பயம் குறைகிறது என்று பொருள். அதன் பிறகே நெருங்குங்கள்.

எவ்வளவு நேரம்?

15 முதல் 20 நிமிடம் போதும். தெரிந்த வேலையில் தொடங்கி, புதியது ஒன்றை மட்டும் சேர்த்து, தெரிந்த வேலையிலேயே முடியுங்கள். ஒரே நாளில் கழி, தார்ப்பாய், சத்தம் எல்லாவற்றையும் காட்டினால் குதிரை குழம்பும். வட்ட ஓட்டத்தை வாரத்துக்கு இரண்டு நாளுக்கு மேல் வைக்காதீர்கள். இரு திசையிலும் சம அளவில் சுற்ற வேண்டும். சிறு வட்டத்தில் அதிக நேரம் ஓடினால் கால் மூட்டுகளுக்குச் சுமை. இளங்குட்டிகளுக்கு இது இன்னும் கெடுதல். வாரத்தில் ஒரு நாள் பயிற்சியே இல்லாமல் மேயவிடுங்கள்.

கவனிக்க வேண்டியவை

* கயிற்றைக் கையிலோ இடுப்பிலோ சுற்றிக்கொள்ளக் கூடாது. மடித்து மட்டும் பிடியுங்கள்.
* பயப்படும் பொருளுக்கு அருகில் கட்டிப்போடாதீர்கள். கயிறு அறுந்தால் ஓடும். அறாவிட்டால் கழுத்தில் காயம்படும்.
* மிரண்டதற்காக அடிக்காதீர்கள். அடுத்த முறை அந்தப் பொருளோடு உங்களைக் கண்டும் பயப்படும்.
* கொள்ளு, தவிடு வைத்த உடனே பயிற்சி வேண்டாம்; ஒரு மணி நேரமாவது போகட்டும். வெயில் நேரத்தைத் தவிருங்கள்.
* தினமும் குளம்பைத் தூக்கிப் பார்த்துக் கல், ஆணி இருந்தால் எடுத்துவிடுங்கள். நொண்டினால் பயிற்சியை நிறுத்திவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். குதிரைக்கு ரணஜன்னி எளிதில் வரும் என்பதால், சிறு காயமானாலும் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள்.

நேற்று மிரண்ட சாக்கின் அருகில் இன்று தளர்ந்த கயிற்றோடு நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் அடுத்த பாடத்துக்குப் போகலாம். நிற்கவில்லை என்றால் பத்தடி பின்னால் அழைத்து வந்து, அங்கிருந்து மறுபடி தொடங்குங்கள். சாலைக்குக் கொண்டுபோக அவசரப்பட வேண்டாம்.