பேட்டை: கோட்டைக்கு வெளியே வளர்ந்த ஊர்

பேட்டை என்பது வணிகத்துக்காகவோ தொழிலுக்காகவோ ஒரு கோட்டையை அல்லது பெருநகரை ஒட்டி அமைந்த குடியிருப்பு. கன்னடத்தில் பேட்டெ, தெலுங்கில் பேட்ட, மராத்தியில் பேட் என்று தக்காணம் முழுவதும் இச்சொல் பரவிக் கிடக்கிறது. பெங்களூரின் பழைய நகரான பேட்டெயும் புணே நகரின் பேட்களும் இதே குடும்பம். மதராஸில் இருந்த ஆங்கிலேயரும் கோட்டையை அடுத்த ஊரைப் ‘பெட்டா’ என்றே எழுதினர். 1791-இல் அவர்கள் பெங்களூரைத் தாக்கியபோது மார்ச் 7-இல் பெட்டா விழுந்தது. கோட்டை விழ மேலும் இரண்டு வாரம் ஆனது. கோட்டையும் பேட்டையும் ஒன்றையொன்று அண்டி நின்ற இரண்டு வேறு ஊர்கள் என்பதற்கு இந்தப் போர்க்குறிப்பே போதும்.

சங்க நூல்களில் கடைத்தெருவுக்கு ஆவணம், அங்காடி போன்ற பெயர்களே வழங்கின. சோழர் கல்வெட்டுகளில் வணிகர் வாழ்ந்த ஊரும் அவர்களின் அவையும் ‘நகரம்’ எனப்பட்டன. பேட்டை என்று முடியும் ஊர்கள் தமிழகத்தில் பெருகியது விசயநகர, நாயக்க, நவாபு ஆட்சிகளின்போதுதான். இதற்கு ஒரு காரணம் உண்டு. ஆட்சியாளர்கள் புதிய இடங்களில் கோட்டையும் பாளையமும் அமைத்தனர். படைக்குத் துணியும் தவசமும் தோலும் வேண்டியிருந்தன. நெசவாளரையும் வணிகரையும் மனையும் வரிச்சலுகையும் தந்து அழைத்துக் குடியேற்றினர். அங்காடி தானாகக் கூடும். பேட்டையோ பெரும்பாலும் அழைத்து உருவாக்கப்பட்டது.

பேட்டைப் பெயர்களின் முன்பகுதியே பல வேளைகளில் அதன் வரலாற்றைச் சொல்லிவிடும். சேலத்துச் செவ்வாய்ப்பேட்டையில் சந்தை நாள் இருக்கிறது. சென்னை வண்ணாரப்பேட்டையிலும் வேலூர்க் கொசப்பேட்டையிலும் தொழில் இருக்கிறது. குயவரைக் கொசவர் என்பது வட தமிழகப் பேச்சு. சிந்தாதிரிப்பேட்டையின் பெயரைச் ‘சின்னத் தறிப் பேட்டை’ என்று விரிப்பார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி 1734-இல் நெசவாளருக்காக அமைத்த ஊர் அது. திருவொற்றியூரை அடுத்த காலடிப்பேட்டையில் யாருடைய காலடியும் இல்லை. 1717 முதல் 1720 வரை ஆளுநராக இருந்த ஜோசப் காலெட் குடியேற்றிய நெசவாளர் ஊரான காலெட்பேட்டை, மக்கள் நாவில் தமிழ்ச் சொல்லாகவே மாறிவிட்டது.

ஐரோப்பாவிலும் இத்தகைய ஊர்கள் இருந்தன. சந்தை கூட்ட உரிமை பெற்று, நகர உரிமை பெறாத ஊரை ஜெர்மானியர் ‘மார்க்ட்ஃபிளெக்கன்’ என்றனர். ரைன் கரையில் திராட்சை மதுவுக்குப் பெயர் பெற்ற ரூடஸ்ஹைம் 1818-இல்தான் நகர உரிமை பெற்றது. இன்று அங்கே பயணிகள் மொய்க்கும் டிரோசல்காசெ என்ற சந்தின் நீளம் 144 மீட்டர் மட்டுமே. தொழிலால் வளர்ந்த சிற்றூரை நடந்து பார்த்தால்தான் அதன் அமைப்பு புரியும். வட தமிழகத்தின் பாலாற்றுப் பேட்டைகளுக்கும் அந்த நடை தகும். அவை இன்னும் அப்படிப் பார்க்கப்படவில்லை என்பதே குறை.

பாலாற்றங்கரையில் நடக்கத் தொடங்க ஏற்ற இடம் வாலாஜாபேட்டை. ஆற்காட்டு நவாபு முகமது அலி வாலாஜாவின் பெயரால் 18-ஆம் நூற்றாண்டில் திட்டமிட்டு எழுப்பப்பட்ட ஊர் இது. மலைத்தொடருக்கு மேலுள்ள நாட்டுக்கும் கடற்கரைக்கும் இடையே போன சரக்கு இங்கேதான் கைமாறியது. தறிகளும் கிடங்குகளும் வண்டிப்பேட்டைகளும் ஊரை நிறைத்தன. மாடுகளை அவிழ்த்துத் தண்ணீர் காட்டி இரவு தங்கும் இடத்துக்கும் பேட்டை என்ற சொல்லே நீண்டது. 1866-இல் நகராட்சியான இவ்வூர், தமிழகத்தின் முதல் நகராட்சி என்ற பெருமை உடையது. ஆனால் அதற்குப் பத்தாண்டு முன்பே அதன் வணிகத்துக்கு எதிராளி வந்துவிட்டது. 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து இன்றைய வாலாஜா ரோடு நிலையம் வரை ஓடியது. நிலையத்தின் பெயரில் ‘ரோடு’ என்று ஒட்டியிருந்தால் ஊர் சற்றுத் தள்ளி இருக்கிறது என்று பொருள். தண்டவாளம் ஊருக்குள் வராததால், வண்டிகளை நம்பியிருந்த வணிகம் மெல்ல வேறு ஊர்களுக்கு நகர்ந்தது.

ஆற்காட்டுக்கு எதிர்க்கரையில் இராணிப்பேட்டை. செஞ்சியின் தேசிங்கு ராஜா 1714-இல் போரில் மடிந்தபின் உடன்கட்டை ஏறிய அவரது இளம் மனைவியின் நினைவாக நவாபு சாதத்துல்லா கான் இவ்வூரை அமைத்தார் என்பது வழிவழிச் செய்தி. வென்றவரே தோற்றவரின் மனைவி பெயரில் ஊர் எழுப்பினார் என்பதால் அது இன்றும் பரிவோடு சொல்லப்படுகிறது. பின்னர் ஆங்கிலேயரின் குதிரைப்படை இங்கே தங்கியது.

தோல் தொழில் இந்த வட்டாரத்தில் வேரூன்ற ஆற்று நீரும் ஆவாரம்பட்டையும் காரணம். ஆடு, மாட்டுத் தோலை ஊறவைத்து, சுண்ணாம்புக் குழியில் மயிர் நீக்கி, ஆவாரம்பட்டைச் சாற்றில் பதமாக்கி, கடுக்காயில் முடிப்பது பழைய முறை. அந்த வேலை நடந்த இடம் மக்கள் பேச்சில் தோல் ஷாப்பு. இதே வட்டாரத்துத் தோல் ஊரான ஆம்பூரின் பழைய பகுதியைப் பேட்டை என்பதில்லை; நிர்வாகத் தலைமை ஊரைக் குறிக்கும் அரபுச் சொல்லான கஸ்பாவே அங்கே நிலைத்தது. இன்னொரு தோல் ஊரான வாணியம்பாடியிலோ பெரியபேட்டை உண்டு.

தோலுக்கும் பேட்டைக்கும் நேரடி உறவைக் காட்டும் பெயர் சென்னைக்கு அருகே இருக்கிறது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பட்டைக்குப் பதிலாகக் குரோமிய உப்பில் தோல் பதனிடும் முறை மதராஸுக்கு வந்தது. பல்லாவரத்தை அடுத்து எழுந்த குரோம் லெதர் ஆலையால் அந்த இடமே குரோம்பேட்டை ஆனது. வேதிப்பொருளின் பெயரோடும் பேட்டை தயக்கமின்றிச் சேர்ந்துகொண்டது. விடுதலைக்குப் பின் அரசு ‘தொழிற்பேட்டை’ என்ற சொல்லை வழக்குக்குக் கொண்டுவந்தது. கிண்டி தொழிற்பேட்டை 1958-இல் திறக்கப்பட்டது. மனை வகுத்து, சலுகை தந்து, தொழில் செய்வோரை அழைக்கும் பழைய வழக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் அமைந்திருக்க முடியாது.

1973 முதல் பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியை நடுவண் அரசு கட்டுப்படுத்தியதால், முடித்த தோலும் காலணியும் பெருகின. ஷூ கம்பெனிப் பேருந்துகளில் பெண்கள் வேலைக்குப் போவது ஆம்பூரின் அன்றாடமானது. தோல் ஆலைக் கழிவு கலந்ததால் அதன் விலையைப் பாலாறு கொடுத்தது. 1996 ஆகஸ்டில் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, கெடுத்தவரே ஈடு தர வேண்டும் என்ற நெறியை இந்தியச் சட்டத்தில் நிலைநாட்டியது. இராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கும் குரோமேட் ஆலையின் கழிவு மேடு அதன் பிறகும் நிலத்தடி நீரை விட்டுவைக்கவில்லை. இவ்வூரை நடந்து பார்ப்பவர் பழைய தெருக்களோடு இதையும் பார்த்தே தீரவேண்டும்.

சென்னைப் பேச்சில் ‘எங்க பேட்டை’ என்றால் தான் புழங்கும் தெருக்கள் என்று மட்டுமே பொருள். சந்தையும் கோட்டையும் அதில் இல்லை. அரசு வழக்கிலோ இச்சொல் மேலேறியது. 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயின. இராணிப்பேட்டை தனி மாவட்டமானது. பேட்டை என்று முடியும் மாவட்டப் பெயர் தமிழகத்தில் இது ஒன்றே. நவாபுகளின் தலைநகராக இருந்த ஆற்காடு இப்போது அந்த மாவட்டத்தின் வட்டங்களில் ஒன்று.