உண்டதை அளந்த வரலாறு

ஒரு நாட்டில் எத்தனை மக்கள் வாழ்கின்றனர் என்பதை வீடு வீடாகச் சென்று எண்ணிவிடலாம். எத்தனை ஏக்கரில் நெல் விளைந்தது, எத்தனை மூடை அரிசி துறைமுகத்தில் இறங்கியது என்பனவற்றையும் கணக்கேடுகளைப் புரட்டிக் கூறிவிடலாம். ஆனால், அந்நாட்டு மக்கள் நேற்று என்ன உண்டனர், எவ்வளவு உண்டனர் என்னும் வினாவுக்கு விடை கூறுதல் எளிதன்று. உண்ட பொருள் மறைந்துவிட்டது. சாட்சியாக எஞ்சி நிற்பது உண்டவருடைய நினைவு ஒன்றே. எனினும், பங்கீட்டு அரிசியின் அளவு, தொழிலாளியின் ஆகக்குறைந்த கூலி, வறியோர் இவர் என வகுக்கும் கோடு, பாடசாலைப் பிள்ளைகளின் மதிய உணவு ஆகிய யாவும் இவ்வினாவுக்கு அறிஞர் கண்ட விடைகளின்மீதே பெரும்பாலும் எழுந்துள்ளன. விடை பிழைத்தால் பிழைப்பது வெறும் எண் அன்று. எங்கோ ஒரு வீட்டில், யாரோ ஒருவருடைய கோப்பையிற் சோறு குறைகின்றது. ஆதலின், அவ்விடையை மனிதர் எவ்வெவ்வழிகளில் தேடினர், அவ்வழிகள் எவ்வளவு நம்பத்தக்கன என்பதை இப்பேச்சில் ஆராய்வோம்.

இவ்வரலாற்றின் வாயிலில் நிற்பவர் இத்தாலி நாட்டிலே பாதுவாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் கற்பித்த சந்தோரியோ என்பார். அவர் பெரியதொரு துலாக்கோலின் ஒரு முனையில் நாற்காலியைத் தொங்கவிட்டு, அதில் அமர்ந்து உணவு கொண்டார். தம் உடலின் நிறை, உணவின் நிறை, கழிவின் நிறை என்பவற்றையெல்லாம் பல ஆண்டுகளாக நிறுத்துக் குறித்துவந்து, 1614 இல் தம் முடிவுகளை நூலாக வெளியிட்டார். ஒரு நாளில் எட்டு இறாத்தல் உணவும் பானமும் உட்கொண்டால், அதில் ஐந்து இறாத்தல் கண்ணுக்குப் புலனாகாத வியர்வையாய் வெளியேறுகின்றது என்பது அவர் கண்ட முடிவு. அதற்கான காரணத்தை விளக்கும் அறிவு அவர் காலத்தில் இருக்கவில்லை. மூச்சுவிடுதலும் ஒருவகை எரிதலே என்பதை லவோசியே என்னும் பிரெஞ்சு அறிஞர் காட்டியது 1780 களிலேதான். ஆயினும், உண்டதை ஊகித்து அறிதல் ஆகாது, நிறுத்தே அறிதல் வேண்டும் என்னும் நெறிக்கு அந்த நாற்காலி ஒரு தொடக்கமாயிற்று.

சந்தோரியோ அளந்தது தம் ஒருவருடைய உணவை. ஏழை மக்களின் உணவை அளக்கும் தேவை இரு நூற்றாண்டுகளுக்கு மேல் கழிந்தபின் இங்கிலாந்தில் எழுந்தது. 1861 இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. அங்கிருந்து பஞ்சு வருவது தடைப்பட்டது. லங்காசயர்ப் பகுதியின் ஆலைகள் ஓய்ந்தன. நெசவுத் தொழிலாளர் பட்டினி கிடந்தனர். அவர்கள் உயிர் வாழ எவ்வளவு உணவு வேண்டும், அவர்கள் உண்பது எவ்வளவு என்று அறிந்துவருமாறு 1862 இல் அரசு எட்வேட் சிமித் என்னும் மருத்துவரை அனுப்பியது. அவர் குடும்பங்களுக்கு நேரிற் சென்று, வாரந்தோறும் வாங்கும் பாண், உருளைக்கிழங்கு, சீனி, இறைச்சி முதலியவற்றைக் கேட்டு எழுதினார். பட்டினியால் வரும் நோய்களைத் தவிர்ப்பதற்கு வளர்ந்த ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு 4,300 கிறெயின் காபனும் 200 கிறெயின் நைதரசனும் உணவில் இருத்தல் வேண்டும் என வரையறுத்தார்.

மறு ஆண்டில் நாடளாவி அவர் நடத்திய ஆய்வு மற்றோர் உண்மையையும் வெளிக்கொணர்ந்தது. குடும்பத்துக்கு வாங்கிய இறைச்சி குடும்பத்தார் யாவர்க்கும் சமமாகக் கிடைக்கவில்லை. உழைக்கும் கணவன் அதனை ஏறக்குறைய நாள்தோறும் உண்டான். மனைவியும் மக்களும் வாரத்துக்கு ஒருமுறை உண்டால் அதுவே பெரிது. குடும்பத்தின் உணவை ஆட்தொகையாற் பிரித்து, ஒருவர் பங்கு இவ்வளவு என்று எழுதிவிடும் கணக்குகள் அன்றும் இருந்தன, இன்றும் உள்ளன. எல்லோர்க்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் அடிச்சட்டியோடு அமரும் தாய் அக்கணக்கில் தென்படுவதில்லை. நம் வீடுகளை அறிந்தவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

சிமித் உணவைக் காபனாகவும் நைதரசனாகவும் கணித்தார். அதனை வெப்பமாகக் கணிக்கும் முறையை நிலைநாட்டியவர் அமெரிக்கரான வில்பர் அற்வாட்டர். 1890 களில் அவரும் உறோசா என்னும் பௌதிகவியலாளரும் கனெற்றிக்கட் மாநிலத்திலே, ஒரு மனிதன் நாட்கணக்கில் தங்கி உண்டு உறங்கக்கூடிய அடைப்பறை ஒன்றை அமைத்தனர். உள்ளே செல்லும் உணவும், உள்ளிருப்பவனின் உடல் வெளியிடும் வெப்பமும், மூச்சும், கழிவும் யாவும் அளக்கப்பட்டன. வரவும் செலவும் மிக நெருங்கி ஒத்துவந்தன. புரதம் ஒரு கிறாமுக்கு நான்கு கிலோக்கலோரி, கொழுப்புக்கு ஒன்பது, காபோவைதரேற்றுக்கு நான்கு என்று நம் மாணவர் மனனஞ் செய்யும் எண்கள் அவருடைய ஆய்வின் பயனே. ஆயின், அவை சராசரி எண்கள் என்பதை மறத்தலாகாது. 2012 இல் அமெரிக்க விவசாயத் திணைக்கள ஆய்வாளர் மனிதரைக் கொண்டு சோதித்தபோது, வாதுமைப் பருப்பிலிருந்து உடல் பெறும் சக்தியை இவ்வெண்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மிகைப்படுத்திக் காட்டுவது தெரியவந்தது. பருப்பின் கலச்சுவருக்குள் சிக்கிய கொழுப்பிற் சிறிதளவு சமிக்காமலே கழிந்துவிடுவதே அதற்குக் காரணம்.

1936 இல் யோன் போயிட் ஓர் என்னும் அறிஞர் ‘உணவு, உடல்நலம், வருமானம்’ எனப் பொருள்படும் தலைப்பில் ஓர் அறிக்கை வெளியிட்டார். பிரித்தானியாவில் 1,152 குடும்பங்களின் உணவுச் செலவுக் கணக்குகளை வருமானத்துக்கேற்ப ஆறு வகுப்புக்களாக அவர் வகுத்தார். முழு உடல்நலத்துக்குப் போதிய உணவு மக்களில் மேற்பாதியினர்க்கே கிடைக்கின்றது என்னும் அவர் முடிவு நாட்டையே உலுப்பியது. செல்வம் கொழித்த பேரரசின் நடுவிடத்தில் பாதிப்பேர் குறையுணவு உண்பவர் எனின் எவர்தாம் அதிரார்? போர்க்காலப் பங்கீட்டுக் கொள்கைக்கு அவ்வறிக்கை ஓர் அடிப்படையாயிற்று. அவர் 1945 இல் ஐக்கிய நாடுகள் உணவு விவசாய நிறுவனத்தின் முதற் பணிப்பாளர் நாயகமானார். 1949 இல் சமாதானத்துக்கான நோபெல் பரிசைப் பெற்றார். அவர் கையாண்ட குடும்பக் கணக்கு முறையில், சிமித் கண்ட அந்தப் பழைய குறை நீங்காமலே இருந்தது. ஆயினும், ஏழைக்கும் செல்வனுக்கும் இடையேயுள்ள வேறுபாட்டைக் காட்ட அம்முறை போதியதாயிருந்தது. கருவி குறையுடையதாயினும், கேட்கும் வினாவுக்கு அது போதுமா என்பதே முதலில் நோக்கத்தக்கது.

தனி மனிதரின் உணவை அறிய வேறு வழி வேண்டியிருந்தது. அதனை மேற்கொண்டவர் எல்சி விடோவ்சன் என்னும் பெண்மணி. பழங்களிலுள்ள வெல்லத்தின் அளவைப் பற்றி மக்கான்ஸ் என்னும் மருத்துவர் வெளியிட்ட எண்கள் குறைவானவை என்பதை இளம் ஆராய்ச்சியாளராயிருந்த அவர் கண்டு, அதனை அவரிடமே நேரிற் சுட்டிக்காட்டினார். சினங்கொள்வதற்குப் பதிலாக மக்கான்ஸ் அவரைத் தம்முடன் பணியாற்ற அழைத்தார். அறுபது ஆண்டுகள் நீடித்த அந்தக் கூட்டுறவின் பயனாக 1940 இல் பிரித்தானிய உணவுப் பொருள்களின் சேர்க்கையைக் கூறும் அட்டவணை நூல் வெளிவந்தது. விடோவ்சன் ஆண்களையும் பெண்களையும் தாம் உண்பன யாவற்றையும் ஒரு வாரம் நிறுத்து எழுதுமாறு செய்தார்; பின்பு ஆயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளிடத்தும் அவ்வாய்வை விரித்து 1947 இல் வெளியிட்டார். ஒரே வயதும் ஒரே பாலும் உடைய பிள்ளைகளுள்ளும் ஒருவர் மற்றவரைப்போல இரு மடங்கு உண்பதை அவர் கண்டார். அளவை எத்துணை நுட்பமாயினும், சராசரி என்பது எந்த ஒரு பிள்ளையின் பசியையும் கூறாது என்பது இதனால் தெளிவாயிற்று.

நம் அயலிலும் இவ்வேலை நடந்தது. நீலகிரியில் குன்னூரிலிருந்த போசாக்கு ஆராய்ச்சி நிலையத்திலே, அதன் பணிப்பாளர் அய்க்ரொயிட் 1937 இல் இந்திய உணவுகளின் போசாக்குப் பெறுமானங்களைத் தொகுத்து வெளியிட்டார். அரிசியும் கீரையும் பயறும் உண்ணும் மக்களுக்கு ஐரோப்பிய அட்டவணை பொருந்தாது அன்றோ? அரிசி ஒன்றிலேயே வேறுபாடுகள் பல. புழுங்கலரிசியில் நிலைத்திருக்கும் தயமின் என்னும் உயிர்ச்சத்து, நன்கு தீட்டிய பச்சையரிசியில் பெரும்பகுதி போய்விடுகின்றது. சோற்றைக் கஞ்சி வடிக்கும்போது மேலும் போகின்றது. எனவே, ‘அரிசி இரண்டு சுண்டு’ என்று மட்டும் எழுதிவைத்தவர் பாதி உண்மையையே எழுதியவராவார்.

நிறுத்து எழுதுதல் பெருந்தொல்லை. தராசை முன்வைத்து உண்பவர் தம் வழக்கத்தையும் மாற்றிக்கொள்கின்றனர்; எழுதும் தொல்லைக்கஞ்சியே சிலர் எளிய உணவை உண்கின்றனர். ஆகவே, முந்திய இருபத்துநான்கு மணி நேரத்தில் உண்டதைக் கேட்டறியும் முறை வழக்கில் வந்தது. 1942 இல் தென் கலிபோர்னியாவின் விமானத் தொழிற்சாலைப் பணியாளரிடத்து வீல் என்னும் அம்மையார் நடத்திய ஆய்வு இவ்வழியில் முன்னோடியாகக் கூறப்படும். 1947 இல் பேர்தா பேர்க் என்பார் ஒருவருடைய வழக்கமான உணவை விரிவாக வினவி அறியும் முறையை விளக்கினார். பிற்காலத்தில், ஓராண்டில் எத்தனை முறை மீன், எத்தனை முறை கீரை என்று கேட்கும் வினாப்படிவங்கள் ஆயிரக்கணக்கானோரிடம் அனுப்பப்பட்டன.

கேட்டறியும் முறைகளில் மறதி ஒரு குறை. மானம் அதனினும் பெரிய குறை. பாடசாலையிற் பணிபுரிவோர் இதனை நன்கறிவர். வெறுந்தேநீர் அருந்திவிட்டு வந்த பிள்ளையை வகுப்பின் நடுவே, ‘காலையில் என்ன சாப்பிட்டாய்?’ என்று கேட்டால், ‘இடியப்பமும் சொதியும்’ என்று அது விடை கூறும். அது பொய்யன்று, தன் வீட்டைக் காக்கும் முயற்சி. மறுபுறம், மிகுதியாக உண்பவர் தாம் உண்டதைக் குறைத்துக் கூறுவர். குறைய உண்பவர் கூட்டியும், நிறைய உண்பவர் குறைத்தும் கூறும் இந்த இயல்பை ஆய்வாளர் பல நாடுகளிற் கண்டனர். இதனாலே பட்டினியும் மறைகின்றது, மிகையுணவும் மறைகின்றது. தாளில் எஞ்சுவது நடுத்தரமான ஒரு மனிதன் மட்டுமே.

மனிதரின் வாய்மொழியை உரைத்துப்பார்க்க உரைகல் ஒன்று வேண்டியிருந்தது. அது அமெரிக்காவில் மினசோட்டாப் பல்கலைக்கழகத்திற் பிறந்தது. 1949 அளவில் லிப்சன் என்பாரும் அவருடைய தோழரும், மூச்சிலே வெளிவரும் காபனீரொட்சைட்டின் ஒட்சிசன் உடல்நீரின் ஒட்சிசனோடு கலந்து சமநிலை அடைவதைக் கண்டனர். இதிலிருந்தே இரட்டை அடையாள நீர் என்னும் முறை தோன்றியது. ஐதரசனும் ஒட்சிசனும் சற்றுப் பாரங்கூடிய சமதானிகளாயமைந்த நீரை ஒருவருக்குப் பருகக் கொடுப்பர். அந்த ஐதரசன் உடலைவிட்டு நீராக மட்டும் வெளியேறும். ஒட்சிசனோ நீராகவும் காபனீரொட்சைட்டாகவும் வெளியேறும். இரண்டும் குறையும் வேகங்களின் வேறுபாட்டைச் சிறுநீரில் அளந்தால், உடல் எரித்த சக்தியின் அளவு தெரிந்துவிடும். உடல் நிறை மாறாதிருப்பவர் எரித்த அளவே உண்டவர் அல்லரோ? செலவு மிகுதியால் நெடுங்காலம் சிறு விலங்குகளோடு நின்ற இம்முறையை 1982 இல் மனிதரிடத்துக் கையாண்டனர்.

உரைகல்லில் உரைத்தபோது பல ஆய்வுகளின் மாற்றுக் குறைந்தது. 1992 இல் நியூயோர்க்கில் நிகழ்ந்த ஓர் ஆய்வு பெரிதும் பேசப்பட்டது. நாளுக்கு 1,200 கிலோக்கலோரிக்குக் குறைவாகவே உண்டும் உடல் மெலியவில்லை என்று முறையிட்ட பருத்த உடலினர் சிலரை ஆராய்ந்தனர். அவர்கள் தாம் உண்டதைச் சராசரி 47 வீதம் குறைத்தும், உடலுழைப்பை 51 வீதம் கூட்டியும் கூறியிருந்தனர். அவர்களுடைய உடல் சக்தியை எரிக்கும் வேகத்திற் குறையேதும் காணப்படவில்லை. அவர்களை வஞ்சகர் என எள்ளுதல் முறையன்று. நாம் உண்பதை நாமே அறியாமல் உண்கின்றோம் என்பதே இதன் பொருள். புரதத்தை அறியச் சிறுநீரின் நைதரசனும், உப்பை அறியச் சிறுநீரின் சோடியமும் இவ்வாறே பயன்படுகின்றன. உண்ட சோடியத்திற் பெரும்பகுதி ஒரு நாட் சிறுநீரில் வெளிப்படுவதால், கறியில் இட்ட உப்பை எவரும் நினைவுகூர வேண்டியதில்லை. அச்சிறுநீரை முழுமையாகச் சேகரித்தாரா என்பதைச் சோதிக்கவும் 1983 இல் ஒரு வழி கண்டனர். குறித்த ஒரு மாத்திரையை உண்ணச்செய்து, அது சிறுநீரில் முழுவதும் திரும்பி வந்ததா என்று பார்ப்பதே அவ்வழி.

நேயர்களே, இனி நம் நாட்டை நோக்குவோம். 2004 இல் இலங்கையின் தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் வறுமைக் கோட்டை வகுத்தபோது, ஒருவருக்கு நாளொன்றுக்கு 2,030 கிலோக்கலோரி என்னும் அளவு அதற்கு அடிப்படையாக அமைந்தது. குடும்பங்கள் உண்பதைக் கேட்டறிந்தே இத்தகைய கோட்டுக்கு மேல் யார், கீழ் யார் என்று பிரிக்கின்றனர். அங்கே வேலியோரத்து முருங்கையிலையும், வளவிற் காய்த்த பலாக்காயும், அயலவர் கொடுத்த மீனும் கணக்கில் வந்தனவா? தேநீர்க் கடையில் உண்ட வடையும் பணிசும் வந்தனவா? விளைச்சலோடு இறக்குமதியைக் கூட்டி, ஏற்றுமதியையும் விதையையும் சேதத்தையும் கழித்து, மக்கள்தொகையாற் பிரிக்கும் நாட்டுக் கணக்கோ கடைக்கு வந்த உணவைக் கூறுமேயன்றி, வாய்க்குச் சென்ற உணவைக் கூறாது. அக்கணக்கிற் குறையில்லாத ஆண்டிலும் பட்டினி கிடப்பவர் இருத்தல் கூடும்.

எனவே, எந்த முறையையும் தள்ளிவிட வேண்டியதில்லை; எதனையும் கண்ணை மூடி நம்பவும் வேண்டியதில்லை. நாட்டின் நிலையை அறிய நாட்டுக் கணக்கு உதவும். வகுப்புக்களின் ஏற்றத்தாழ்வை அறியக் குடும்பக் கணக்கு உதவும். தனியொருவரை அறியத் தராசும் ஆய்வுகூடமும் வேண்டும். பத்திரிகையில் இத்தனை வீதத்தினர் குறையுணவு உண்கின்றனர் என்று ஒரு செய்தியைக் காணும்போது, எவரைக் கேட்டனர், எவ்வாறு கேட்டனர், குடும்பத்தில் விடை கூறியவர் யார் என்னும் மூன்று வினாக்களை நாமும் எழுப்புதல் நன்று. கேட்போர் மானங்கெடாதவாறு கேட்டால், பிள்ளையும் தாயும் உண்மையைக் கூறுவர். அவ்வுண்மை கிடைத்த பின்னரே தராசுக்கும் அட்டவணைக்கும் வேலை உண்டு.